நியூட்டன் ஹீத்தும் நம்ம கேரேஜும்: வடசென்னை மேன்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

வணக்கம். பெரம்பூர், வியாசர்பாடி, அயனாவரம், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் உங்களைப் பார்க்கிறேன். சனி, ஞாயிறு ராத்திரிகளில் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் மேட்ச் ஓட்டுகிறீர்கள். லிவர்பூலோடு ஆட்டம் என்றால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்கிறீர்கள். 1999-இல் பார்சிலோனா மைதானத்தில் ஷெரிங்காமும் சோல்ஷரும் கடைசி நேரத்தில் போட்ட இரண்டு கோல்களை, அப்போது பிறந்தே இராத பையன் நேரில் பார்த்தவன் மாதிரி சொல்கிறான். நன்றாகத்தான் சொல்கிறான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் நீங்கள் எல்லோருமே மேன்செஸ்டர் யுனைடெட் கதையை மேனேஜர் ஃபெர்குசனில் ஆரம்பிக்கிறீர்கள். கொஞ்சம் படித்தவர்கள் பழைய மேனேஜர் மேட் பஸ்பி, 1958 மியூனிக் விமான விபத்து வரை பின்னால் போகிறீர்கள். அதற்கும் முன்னால் இருக்கும் முப்பது வருஷக் கதையை யாரும் பேசி நான் கேட்டதில்லை. நமக்கு ரொம்ப நெருக்கமான பகுதி அதுதான். அந்த கிளப்பை ஆரம்பித்தவர்கள் ரயில் பெட்டி கட்டியவர்கள். பெரம்பூர்க்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? கேரேஜ் என்று நாம் சொல்லும் பெரம்பூர் ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

1878-இல் மேன்செஸ்டர் நகரத்தின் வடகிழக்கில், நியூட்டன் ஹீத் என்ற இடத்தில், லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வே கம்பெனியின் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்தவர்கள் ஒரு டீம் கட்டினார்கள். பெயர் நியூட்டன் ஹீத் எல்.ஒய்.ஆர். கடைசி மூன்று எழுத்தும் கம்பெனியின் சுருக்கம்தான். அதே இடத்தில் எஞ்சின் பிரிவுக்காரர்கள் தனியாக இன்னொரு டீம் வைத்திருந்தார்கள். அதன் பெயர் நியூட்டன் ஹீத் லோகோ. ஆக அங்கேயும் கேரேஜ், லோகோ! சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் லோக்கலில் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் தாண்டி அடுத்தடுத்து எந்த இரண்டு ஸ்டேஷன் வருகிறது என்று உங்களுக்கே தெரியும்: கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ். இங்கே கேரேஜ்காரனும் லோகோகாரனும் டிபார்ட்மெண்ட் மேட்ச்சில் எப்படி முட்டிக்கொள்வார்கள் என்று உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். அங்கேயும் முதலில் அப்படித்தான் ஆடினார்கள். பிரிவுக்குப் பிரிவு, அப்புறம் மற்ற ரயில்வே கம்பெனிகளோடு. வெளி ஊர்க் கோப்பையெல்லாம் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பெருமைக்காக. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது 1856-இல். அந்த கிளப் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால். தொழிலில் நாம் அவர்களுக்கு இளையவர்கள் இல்லை.

அவர்களுடைய ஜெர்சி பச்சையும் தங்க மஞ்சளும். உங்களில் சிலர் அந்த நிறத்தில் ஸ்கார்ஃப் வைத்திருக்கிறீர்கள். 2010-இல் கிளப்பின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்துக்கு எதிராக மேன்செஸ்டர்க்காரர்கள் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்களே, அதே நிறம். ரயில் பெட்டித் தொழிலாளிகள் போட்ட நிறத்தைத்தான் அவர்கள் திரும்ப எடுத்தார்கள். இங்கே அதைப் பார்ப்பவர்கள் ஏதோ புது ஃபேஷன் என்று நினைக்கிறார்கள்.

முதல் மைதானத்தின் பெயர் நார்த் ரோடு. வெயில் காலத்தில் கல்லும் மேடுமாக இருக்கும், மழைக் காலத்தில் சேறு. பக்கத்தில் ரயில் பாதை, தலைக்கு மேலே புகை. டிரெஸ்ஸிங் ரூம் கிடையாது. ஓல்டம் ரோட்டில் த்ரீ கிரௌன்ஸ் என்ற மதுக்கடையில் உடை மாற்றிக்கொண்டு, அங்கிருந்து மைதானம் வரை நடந்து வருவார்கள். ஐப்பசி மழையில் முல்லை நகர் மைதானத்தில் பந்து தேங்கி நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பையன்கள் மரத்தடியில் ஸ்கூல் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஜெர்சி மாற்றுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடுவதை கால்பந்து சங்கம் 1885-இல் அனுமதித்தது. நியூட்டன் ஹீத் உடனே என்ன செய்தது தெரியுமா? கையில் பெரிய பணம் இல்லை. ஆனால் ரயில்வேயில் வேலை இருந்தது. வேல்ஸ் பக்கமிருந்து நல்ல ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, பட்டறையில் வேலையும் ஆடுவதற்குக் காசும் தந்தார்கள். ஜாக் பவல், டௌட்டி சகோதரர்கள் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். நாம் இதை ஸ்போர்ட்ஸ் கோட்டா என்கிறோம். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை என்று இந்த ஊரின் கால்பந்து எத்தனை வீட்டு அடுப்பை எரிய வைத்தது என்று கணக்குப் போட முடியாது. ஒரு பையன் இடது காலில் நன்றாக அடிக்கிறான் என்றால் அவன் அம்மா கோப்பையைக் கனவு காணமாட்டாள், அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரைத்தான் காண்பாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஆர்டரால்தான் பல குடும்பங்கள் ஓலை வீட்டிலிருந்து கல் வீட்டுக்குப் போயின.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான இடம். பொறுமையாகப் படியுங்கள்.

1892-இல் நியூட்டன் ஹீத் ஃபுட்பால் லீக்கின் முதல் டிவிஷனில் சேர்ந்தது. அதே சமயத்தில் ரயில்வே கம்பெனியிடமிருந்தும் விலகியது. பெயரிலிருந்த எல்.ஒய்.ஆர். போயிற்று. ஏ.எச். ஆல்பட் என்பவரைச் செயலாளராக வைத்தார்கள். கம்பெனியின் நிழல் போய்விட்டது. இனி டிக்கெட் காசு, சந்தா, வசூல், இதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். ஆபீஸ் டீமாக இருந்தது ஊர் கிளப்பாக மாறிய வருஷம் அது. 1878-ஐ எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் 1892-தான் பெரிய வருஷம்.

மாறியவுடன் எல்லாம் நன்றாக நடந்ததா? எங்கே! முதல் சீசனில் வுல்வ்ஸ் டீமை 10-1 என்று அடித்தார்கள், அது உண்மை. ஆனால் சீசன் முடிந்தபோது பட்டியலில் கடைசி இடம். அந்தக் காலத்தில் கீழே இறங்குவதற்கு முன் டெஸ்ட் மேட்ச் என்று ஒன்று உண்டு. அதில் ஜெயித்துத் தப்பித்தார்கள். அடுத்த சீசனிலும் கடைசி. இந்த முறை டெஸ்ட் மேட்ச்சில் தோற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். தோற்கடித்தது யார் என்று கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும்: லிவர்பூல். பிறகு மேலே ஏற 1906 வரை ஆயிற்று. பன்னிரண்டு வருஷம் கீழ் டிவிஷனில் கிடந்த கிளப் அது. நடுவில் இரண்டு சீசன் சரியாக ஆடவில்லை என்றால் வாட்ஸாப்பில் பயிற்சியாளரைத் தூக்கு என்று கத்துகிறீர்களே, அப்போது இந்தப் பன்னிரண்டு வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மைதானமும் கைவிட்டுப் போனது. நார்த் ரோடு நிலம் மேன்செஸ்டர் தேவாலயத்துக்குச் சொந்தம். ரயில்வே கம்பெனிதான் அதைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தது. டிக்கெட் போட்டு ஆட்டம் காட்டுவது தேவாலயத்து நிலத்துக்கு ஒத்துவராது என்று 1893-இல் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் கிளப் நடத்தினால் இதுதான் கதி. நம் பக்கம் எத்தனை மைதானம் யார் யார் கையில் இருக்கிறது, எந்த வருஷம் எந்தக் கட்டடம் முளைக்கும் என்பதை உங்கள் பகுதிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

புது இடம் கிளேட்டனில், பேங்க் ஸ்ட்ரீட். சுற்றிலும் தொழிற்சாலை, ரசாயனப் புகை. எண்ணூர் பக்கம் கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் ஆடியவர்களுக்கு மூக்கிலேயே விளங்கும். 1895 மார்ச்சில் அங்கே ஆட வந்த வால்சால் டீம், இந்தத் தரையில் எப்படி ஆடுவது என்று முதலிலேயே தகராறு செய்தது. கொஞ்சம் மணலைக் கொட்டி ஆட்டத்தை நடத்தினார்கள். நியூட்டன் ஹீத் 14-0 என்று ஜெயித்தது. வால்சால் விடவில்லை, லீக்கில் புகார் கொடுத்து அந்த முடிவை ரத்து செய்ய வைத்தது. திரும்ப ஆடினார்கள். இந்த முறை 9-0. புகார் கொடுத்ததில் ஐந்து கோல் லாபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காசு மட்டும் வரவேயில்லை. 1902 ஜனவரியில் கடன் 2,670 பவுண்டு. கடன் கொடுத்தவர்களில் ஒருவரான வில்லியம் ஹீலி அந்த கிளப்புக்கே தலைவராக இருந்தவர். அவருக்கு வரவேண்டியது 242 பவுண்டு சொச்சம். அவரே நீதிமன்றத்துக்குப் போய் கிளப்பைக் கலைக்கும் உத்தரவு வாங்கினார். மைதானத்தின் கதவைப் பூட்டினார்கள். அடுத்த ஆட்டம் பிரிஸ்டலில். ரயில் டிக்கெட்டுக்குக்கூட வழியில்லை. கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டு ஊருக்குள் சுற்றி வசூல் செய்து டீமைக் கூட்டிக்கொண்டு போனார்.

இந்த ஸ்டாஃபோர்டுதான் எனக்குப் பிடித்த ஆள். மேஜர் என்று ஒரு செயின்ட் பெர்னார்டு நாய் வளர்த்தார். 1901-இல் கிளப்புக்குப் பணம் சேர்க்க ஒரு பெரிய சந்தை நடத்தியபோது, அந்த நாயின் கழுத்தில் உண்டியலைக் கட்டிக் கூட்டத்தில் விட்டார்கள். நாய் காணாமல் போனது. கடைசியில் அது ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பீர் கம்பெனி முதலாளி கையில் சேர்ந்தது, அவர் மகளுக்கு நாயை ரொம்பப் பிடித்துப்போனது, அப்படித்தான் ஸ்டாஃபோர்டும் டேவிஸும் பழகினார்கள் என்று கதை. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். நாய் உண்மையோ இல்லையோ, பணம் உண்மை. ஸ்டாஃபோர்டு நான்கு உள்ளூர் வியாபாரிகளைப் பிடித்தார், ஆளுக்கு 500 பவுண்டு. அதில் டேவிஸ் முக்கியமானவர். கிளப் பிழைத்தது.

பிழைத்த கையோடு 1902 ஏப்ரலில் பெயரை மாற்றினார்கள். மேன்செஸ்டர் சென்ட்ரல் என்று ஒரு யோசனை வந்தது. ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார்களாம். ரயில்வே பட்டறையில் பிறந்த கிளப்புக்கு இவ்வளவு ரோஷம்! நல்லவேளை, இல்லையென்றால் இன்றைக்கு நீங்கள் சென்ட்ரல் ரசிகர் மன்றம் என்று போர்டு வைத்து, பூங்கா நகர் பக்கம் குழப்பம் செய்துகொண்டிருப்பீர்கள். மேன்செஸ்டர் செல்டிக் என்றும் ஒன்று சொன்னார்கள். கடைசியில் யுனைடெட். பச்சை, மஞ்சள் போய் சிவப்பு, வெள்ளை வந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக ஓடும் கதை. 1903-இல் எர்னஸ்ட் மாங்னல் பொறுப்புக்கு வந்தார். 1908-இல் முதல் லீக் பட்டம். 1909-இல் முதல் எஃப்.ஏ. கோப்பை, சாண்டி டர்ன்புல் கோலில் பிரிஸ்டல் சிட்டியை 1-0. 1910 பிப்ரவரி 19-இல் ஓல்ட் டிராஃபோர்டில் முதல் ஆட்டம். அதிலும் லிவர்பூலிடம் 4-3 தோல்வி. கட்டியது டேவிஸின் பணம், சுமார் 60,000 பவுண்டு. மாறி வந்த அதே வாரம் பழைய பேங்க் ஸ்ட்ரீட் ஸ்டாண்டு புயலில் சரிந்து விழுந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நிற்க வேண்டும், வடசென்னைக்காரர்கள் என்பதால். 1907 டிசம்பரில் மேன்செஸ்டரில் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். முன்னால் நின்றவர்கள் யுனைடெட்டின் பில்லி மெரிடித்தும் சார்லி ராபர்ட்ஸும். மெரிடித் சின்ன வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனவர். வாரச் சம்பளம் 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று அப்போது உச்சவரம்பு இருந்தது. மைதானம் நிறைய ஆள் வந்தாலும் ஆடுகிறவனுக்கு அவ்வளவுதான். 1909-இல் சங்கத்தை விட்டு வெளியே வா, இல்லையென்றால் ஆட முடியாது என்று கால்பந்து சங்கம் மிரட்டியது. மற்ற கிளப்களில் பெரும்பாலானவர்கள் பணிந்துவிட்டார்கள். சில மாதத்துக்கு முன் கோப்பை ஜெயித்த யுனைடெட் ஆட்டக்காரர்கள் மட்டும் மாட்டேன் என்றார்கள். தள்ளிவைக்கப்பட்டவர்கள் எஃப்.சி. என்று தங்களுக்கே ஒரு பெயர் எழுதிய பலகையோடு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஆட்டக்காரர்களின் சங்கத்தைக் கால்பந்து சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இது நடந்து ஒன்பது வருஷத்தில், 1918 ஏப்ரல் 27-இல், இதே பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளிகளுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றவர். உங்கள் கொள்ளுத்தாத்தாக்களில் யாராவது அந்த மில் சங்கு ஊதினால் ஓடியவராக இருப்பார். மெரிடித் ஜெர்சியை யாரும் போடுவதில்லை. போட்டால் நம் தெருவில் அர்த்தத்தோடு இருக்கும்.

சரி, இதெல்லாம் எதற்கு? இந்த ஊருக்கு வருகிறேன்.

நம்மிடம் ஆட்டக்காரனுக்குப் பஞ்சம் இல்லை. வியாசர்பாடியைச் சின்ன பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதி எழுதிச் சலித்துவிட்டன. 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. என்ற கிளப் இரண்டாம் முறை ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கை ஜெயித்தபோது, நடுக்களத்தில் நின்றவர் வியாசர்பாடி தனபால் கணேஷ். கோவாவோடு நடந்த அரையிறுதியில் நேரு ஸ்டேடியத்தில் ஒரு கோலும் போட்டார். அன்றைக்கு நம் பக்கம் வெடித்த வெடி தீபாவளிக்குக்கூட வெடித்ததில்லை.

2014-இல் பிறந்த அந்த கிளப்பின் முதல் வருஷங்கள் நன்றாகவே இருந்தன. முதல் சீசனில் மார்கோ மட்டெராட்ஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார், எலானோ 8 கோல் போட்டு முதலிடம். அரையிறுதியில் கொச்சியில் 3-0 தோற்றுவிட்டு, இங்கே வந்து மூன்று கோலையும் திருப்பிப் போட்டு, கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் ஒரு கோல் வாங்கி வெளியே போனார்கள். 2015-இல் ஊரே வெள்ளத்தில் மூழ்கிய டிசம்பரில், சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, 3-0 என்று ஜெயித்து, கோவாவில் கோப்பையையும் தூக்கினார்கள். அந்த இறுதி ஆட்டம் 90-ஆவது நிமிஷம் வரை 2-1 என்று கோவா பக்கம். அப்புறம் ஒரு சேம்சைட் கோல், மெண்டோசாவின் ஒரு கோல், முடிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வடியாத நேரம், பலர் முகாமில் இருந்துகொண்டு போன் வெளிச்சத்தில் அதைப் பார்த்தார்கள்.

ஆனால் அது மேலிருந்து வந்த கிளப். லீக் முதலில், கிளப் அப்புறம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அதன் பிறப்பு அப்படி. கீழே, முல்லை நகரில், வியாசர்பாடி சந்துகளில் பையன்களை உருவாக்குகிறார்கள் பயிற்சியாளர்கள், பலர் சம்பளமே இல்லாமல். நடுவில் ஆபீஸ் டீம்கள். அந்த ஆபீஸ் டீம்களுக்கும் உச்சிக்கும் இடையில் ஒரு படி காணோம். நியூட்டன் ஹீத் 1892-இல் ஏறிய படி அது. ஆபீஸை விட்டு ஊர் கையில் வரும் கிளப். பெரம்பூருக்கு என்று, வியாசர்பாடிக்கு என்று, ராயபுரத்துக்கு என்று ஒன்று.

ஆபீஸ் டீமுக்கு ரசிகன் கிடையாது, நினைத்துப் பாருங்கள். சென்னை லீக்கில் சீனியர் டிவிஷன் ஆட்டத்துக்கு மதியம் மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால், கேலரியில் இருப்பவர்கள் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் பையன்கள், ஓய்வு பெற்ற என் மாதிரி நாலு பேர், ஒரு சுண்டல்காரர். கோல் விழுந்தால் சத்தம் பெஞ்சிலிருந்துதான் வரும். ரொம்ப அழகான ஆட்டங்கள் அப்படி ஆளில்லாமல் நடந்து முடிகின்றன. பட்டறையில் ஆள் எடுப்பது குறைந்தால் டீமும் குறையும். அதைக் கேட்க ஒரு ஆள் வரமாட்டான், ஏனென்றால் அது யாருடைய டீமும் இல்லை.

பணம் மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு எஃப்.சி. கொச்சின் கதை இருக்கிறது. 1997-இல் பெரும் ஆரவாரத்தோடு பிறந்தது. நாட்டின் பெரிய ஆட்டக்காரர்களை வாங்கினார்கள், அதே வருஷம் டூராண்டு கோப்பையை ஜெயித்தார்கள். நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன் அவர்களுக்காக 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் போட்டவர். சில வருஷத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் மூடிவிட்டார்கள். நம் ஊரிலேயே சென்னை சிட்டி எஃப்.சி. 2016-17-இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்குக்குப் போனது, பெயரில் சென்னையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் ஆடியது, 2018-19-இல் அங்கேயே பட்டமும் ஜெயித்தது. பெட்ரோ மான்ஸி 21 கோல். அருமையான டீம். அந்தக் கோப்பையை வடசென்னை டி.வி.யில் பார்த்தது. 2020-21-க்கு அப்புறம் அந்த டீம் ஐ-லீக்கிலேயே இல்லை.

உங்களுக்குத் தெரிந்த இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 2005-இல் கிளேசர்கள் யுனைடெட்டை வாங்கியபோது கோபப்பட்ட ரசிகர்கள் சிலர் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மேன்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். உறுப்பினர் ஒருவருக்கு ஒரு ஓட்டு. எவ்வளவு பணம் போட்டாலும் அவ்வளவுதான். பத்து வருஷம் மற்றவர்கள் மைதானத்தில் வாடகைக்கு ஆடினார்கள். 2015-இல் சொந்த மைதானம் கட்டிவிட்டார்கள். எங்கே தெரியுமா? மாஸ்டனில், நியூட்டன் ஹீத்துக்குப் பக்கத்திலேயே. பெரிய லீக்கில் இல்லை, கீழே எங்கேயோ ஆடுகிறார்கள். ஆனால் அவர்களுடையது.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். நீங்கள் ஏற்கனவே ஒரு சங்கம் மாதிரிதான் இருக்கிறீர்கள். குரூப் இருக்கிறது, வசூல் செய்யத் தெரிகிறது, புரொஜெக்டர் வாடகை, ஃப்ளெக்ஸ், கேக் என்று மாசா மாசம் காசு வருகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். உங்கள் பகுதியின் பெயரில் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். ஆளுக்கு மாசம் 50 ரூபாய் சந்தா, ஒரு வங்கிக் கணக்கு, எல்லோரும் பார்க்கும்படி ஒரு கணக்கு நோட்டு. யாருக்கும் ஒரு ஓட்டுக்கு மேல் வேண்டாம், லட்சம் கொடுக்கும் அரசியல் அண்ணனுக்கும் சேர்த்து.

முதலில் பெரிய டீம் கட்டாதீர்கள். நாலு ஆட்டக்காரரை விலைக்குக் கூப்பிட்டு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் கோப்பையைத் தூக்கிவிட்டு கலைந்துபோன டீம்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பதிமூன்று வயதுக்குக் கீழே ஒரு டீமை எடுங்கள். உங்கள் தெருவிலேயே பயிற்சி கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேருங்கள், போட்டியாக நிற்காதீர்கள். பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். நம் பையன்கள் போடுவது பெரும்பாலும் அண்ணன் போட்டது. முன்பக்கம் வாய் பிளந்து, செருப்புத் தைப்பவரிடம் இரண்டு முறை தையல் போட்டு, உள்ளே துணி அடைத்து ஆடுகிறார்கள். ஓடும்போது ஒரு ஸ்டட் கழன்று விழுந்தால் அவன் நின்று அதைத் தேடுவான், பந்தை விட்டுவிடுவான். அதைப் பார்த்த பயிற்சியாளர் யாரும் திட்டமாட்டார்.

மைதானம் விஷயத்தை முதல் வருஷத்திலேயே பேசுங்கள். மாநகராட்சியோ, ரயில்வேயோ, பள்ளியோ, எழுத்தில் வாங்குங்கள், இத்தனை நாள், இத்தனை மணி என்று. வாய் வார்த்தையில் கிடைத்த மைதானம் பந்தல் போடுகிற நாளில் பறிபோகும். தங்கைகளுக்கும் ஒரு நேரம் தனியாக எழுதி வாங்குங்கள். சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் கால் வைக்க இடமில்லாமல் நிற்கும் பெண் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

அப்புறம் நீங்கள் ஆட்டம் பார்க்க வாருங்கள். ராத்திரி யுனைடெட் பார்க்கிற நாளில் மதியம் இரண்டு மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாம். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட ஆள் தேவை, பந்துக்குக் காற்றடிக்க ஆள் தேவை, பாதி நேரத்தில் எலுமிச்சையும் குளுக்கோஸும் கரைக்க ஆள் தேவை. எல்லாவற்றையும்விட, கோல் விழுந்தால் கத்த ஆள் தேவை. அந்தக் கத்தலை நீங்கள் மொட்டை மாடியில் நன்றாகவே பழகி வைத்திருக்கிறீர்கள்.

ஸ்பான்சர் வந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. டேவிஸ் இல்லாமல் ஓல்ட் டிராஃபோர்டு இல்லை. ஆனால் டேவிஸ் வருவதற்கு முன்னால் ஊருக்குள் அலைந்து வசூல் செய்த ஸ்டாஃபோர்டு ஒருவர் இருந்தார், அவர் பின்னால் காசு போட ஒரு ஊர் இருந்தது. முதலாளி வந்தபோது வாங்குவதற்கு ஏதோ ஒன்று உயிரோடு இருந்தது.

யாருக்காவது இதில் விருப்பம் இருந்தால், உங்கள் பகுதி குரூப்பில் இதைப் போட்டு ஏழு பெயரைச் சேருங்கள். விதிமுறை எழுதுவதற்கும் பதிவு அலுவலகத்துக்கு அலைவதற்கும் என் வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். டிபார்ட்மெண்டில் நாங்கள் எழுதாத மனுவா? கோடு போடும் பொடிக்கும் பந்துக்கும் முதல் மாசச் செலவு என்னுடையது. செலவானதற்கு ரசீதை மட்டும் நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரம்பூர் அண்ணன்,
ஓய்வு பெற்ற ஃபிட்டர்

பின்குறிப்பு: லிவர்பூல், ஆர்சனல் ரசிகர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் 50 ரூபாய் கொடுப்பார்கள். ஆர்சனலும் ஒரு ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் 1886-இல் கட்டிய டீம்தான், அதைச் சொல்லி இழுத்துவிடலாம்.